முதல் கேள்விக்கு 'இல்லை'

அத்தியாயம் 9

"எனக்கு நியாயமெல்லாம் வேணாம் மேடம். அந்த ஆளோட மூஞ்சி வேணும். அவ்ளோதான்."

ஜெசிந்தா இதைச் சொன்னபோது குரலைக்கூட உயர்த்தவில்லை. அதைத்தான் சடையப்பன் கவனித்தான். கத்துகிறவர்களை அவன் நிறையப் பார்த்தவன். ஷேர் ஆட்டோ ஓட்டிய காலத்தில் தினமும் பத்து பேராவது அவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். இப்படி அமைதியாக உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது விஷாகாவின் துப்பறியும் அலுவலகம். வங்கியில் கம்ப்யூட்டர் தணிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேலையை மேலாளர் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்தவள் விஷாகா. ஆட்டோவைக் கடன்காரனிடம் பறிகொடுத்துவிட்டு வந்தவன் சடையப்பன். அவள் யோசிப்பாள், அவன் வண்டி ஓட்டுவான். வாயும் அவன்தான் ஓட்டுவான்.

ஜெசிந்தா கடலோரக் கட்டமைப்பு வாரியத்தின் செங்கல்பட்டு அலுவலகத்தில் உதவியாளர். இரண்டு வருடத்துக்கு முன் புருஷன் போய்ச் சேர்ந்ததும் மனசு உடைந்துபோய் சென்னையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊரில் எல்லோரிடமும் 'டிரெய்னிங்' என்று சொல்லி வைத்திருந்தாள். பெற்ற தாய்க்கே தெரியாது. ஆஸ்பத்திரிச் செலவைத் திரும்பப் பெற ஆபீஸில் பில் கொடுத்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. இப்போது மகள் பிரிசில்லாவுக்கு அணுபுரத்தில் மாப்பிள்ளை பார்த்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன் வந்தது. கல்யாணம் நின்றுபோனது.

"பிரிசில்லா இன்னா சொல்லுது?" என்று கேட்டான் சடையப்பன்.

"அழுவலை. 'அவங்களே திரும்பி வந்து கேக்கணும்மா, நான் மாட்டேன்னு சொல்லணும்'னு ஒரே பிடியா கீறா. சரியா சாப்பிடறதும் இல்லை."

விஷாகா மேசை மேலிருந்த பேனாவை எடுத்துத் தட்டினாள். "சடையப்பா, நேத்து அணுபுரம் போனியே. ஜெபசிங் என்ன சொன்னார்?"

ஜெபசிங் மாப்பிள்ளையின் அப்பா. "நல்லா ஃபில்டர் காபி குடுத்தார் மேடம். அப்பால மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினார். 'பொண்ணோட அம்மாவுக்கு வலிப்பு, பரம்பரை வியாதி, விசாரிச்சுப் பாருங்க'ன்னு ஒரு ஆம்பளை போன்ல சொன்னானாம். பேரு சொல்லலியாம்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "வலிப்பா? எனக்கு இன்னாத்துக்கு வலிப்பு வரப்போவுது?"

"அதான்," என்றாள் விஷாகா. பேனா தட்டுவது நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரி பில்லுல மனச்சோர்வுன்னு தெளிவா எழுதியிருக்கு. ஆனா உங்க ஆபீஸ் பட்ஜெட் சாஃப்ட்வேர்ல நோய்ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ள அவங்களே எழுதிவெச்ச கொஞ்சம் நோய்ப் பேருதான் இருக்கு, அதுல ஒண்ணைத்தான் அமுக்கணும். மனச்சோர்வு அதுல கெடையாது. ஒங்க பில்லைக் கம்ப்யூட்டர்ல ஏத்தின பொண்ணு தேடிப் பார்த்திருக்கு, காணோம், பக்கத்துல எது இருந்துதோ அதை அமுக்கிட்டுது."

"வலிப்பை," என்றான் சடையப்பன்.

"வலிப்பை. ஒங்க பில்லைப் பார்த்தவன் வலிப்புன்னு சொல்லமாட்டான். ஸ்கிரீனைப் பார்த்தவன்தான் சொல்லுவான்."

விஷாகா அந்த அலுவலகத்துக்குள் முன்வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தாள். அலுவலகத் தலைவி மார்கரெட்தான் அவளை அழைத்திருந்தார். எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்குப் போனது என்று பார்க்கும் அந்த மென்பொருளை மற்ற மாவட்டங்களுக்கும் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் அதில் யார் யாருடைய சொந்த விவரம் கிடக்கிறது, யார் கண்ணில் எல்லாம் படுகிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். விஷாகா சோதித்தாள். சோதித்ததில் தலை சுற்றிப்போனாள்.

"யார் உள்ள போய்ப் பார்த்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகும்னு சொன்னாங்களே மேடம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஆகியிருக்கு. கண்காணிப்பாளர் ஸ்ரீனிவாசராகவன் பேர்ல."

சடையப்பன் எழுந்தே விட்டான். "அப்ப இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறோம்? அந்த சிடுமூஞ்சியை நானே..."

"உக்காரு. அவரோட பாஸ்வேர்டை மானிட்டர்லயே கோந்து போட்டு ஒட்டி வெச்சிருக்கார். ஆபீஸ் மொத்தமும் அதைப் போட்டுத்தான் உள்ள போவுது."

"அதுக்குப் பேரு பாஸ்வேர்டா மேடம்? பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குக்கூட ஒரு தாழ்ப்பா இருக்கும்."

"இதைவிட அநியாயம் ஒண்ணு இருக்கு. அந்த சாஃப்ட்வேர் வந்தப்பவே ஒரு கேள்வித்தாள் குடுத்திருக்காங்க. மொத கேள்வி, 'இதில் தனிநபர் விவரம் ஏதேனும் உள்ளதா?' 'இல்லை'ன்னு எழுதினா மீதிப் பக்கங்களுக்குப் பதிலே எழுதவேணாம். கணக்கு அதிகாரி சம்பத் 'இல்லை'ன்னு எழுதி, அழகா கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார்."

"சம்பத் சாரு நல்லவரு மேடம்," என்றாள் ஜெசிந்தா உடனே. "வேலை ஜாஸ்தின்னு அப்டி எழுதியிருப்பாரு. எல்லா ஆபீஸ்லயும் அதான் செய்வாங்க. கல்யாணம் நின்னப்ப என்கிட்ட வந்து ஆறுதல் சொன்னது அவரு ஒருத்தர்தான். ராகவன் சாரு ஏன் அழுவுறேன்னுகூட கேக்கலை."

சடையப்பனுக்கு ராகவன் மேல் இருந்த சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது. நெற்றி நிறைய நாமம், வாய் நிறையக் கடுகு. போன வாரம் அவனைப் பார்த்து 'செருப்பை வெளியில விட்டுட்டு வாய்யா' என்று எரிந்து விழுந்தவர். ஒரு மனுஷன் மேல் கோபம் இருந்தால் குற்றம் தானாகவே அவன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது சடையப்பனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒட்டவைத்தான்.

"ஜெபசிங் வூட்டு போன்ல நெம்பர் தெரியற பொட்டி கீது மேடம்," என்றான். "எஸ்டிடி பூத்து நெம்பராம். எங்கன்னு விசாரிச்சேன். திருவிடந்தை. கோயிலாண்ட."

விஷாகா கைப்பையை எடுத்தாள். "ராகவன் மாசா மாசம் போற கோயில்."

"சொன்னேனா இல்லியா!" என்று சாவியைத் தூக்கிப்போட்டுப் பிடித்தான் சடையப்பன்.

"நானும் வரேன்," என்று எழுந்தாள் ஜெசிந்தா. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

விஷாகாவின் பழைய மாருதி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்கு நடுவே வளைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியது. வழியெல்லாம் சடையப்பன் ராகவனை என்னென்ன செய்யலாம் என்று வகை வகையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. கடலைப் பார்க்கவும் இல்லை.

திருவிடந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணம் கூடிவராதவர்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அந்த வாசலுக்கு எதிரே இருந்த பூத்திலிருந்துதான் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த ஒருத்தன் போன் செய்திருக்கிறான். நெஞ்சில் ஈரம் வேண்டாம், கொஞ்சம் பயமாவது இருக்க வேண்டாமா?

பூத்துக்காரி எல்லம்மாள் மாலையும் விற்றாள். விஷாகா ஒரு மாலை வாங்கிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தாள். போன மாதம், ஞாயிற்றுக்கிழமை, அணுபுரத்துக்கு ஒரு போன்.

"ஞாயித்துக்கெழமை எம்மாம் கூட்டம் வருது, யாரைன்னு சொல்றது?" என்றாள் எல்லம்மாள்.

"நாமம் போட்டவரு. சிடுசிடுன்னு பேசுவாரு. பிச்சைக்காரன் கும்பிட்டாக்கூட தப்பு கண்டுபிடிப்பாரு," என்று எடுத்துக் கொடுத்தான் சடையப்பன்.

எல்லம்மாள் யோசித்தாள். "அணுபுரமா? தோ, ஒருத்தரு வந்தாரு. நாமமெல்லாம் இல்லியே. சிரிச்ச மூஞ்சி, தங்கமான மனுசன். மீதி சில்லறையைக்கூட என்னையே வெச்சிக்கச் சொல்ட்டாரு."

சடையப்பன் முகம் காற்றுப்போன டியூப் மாதிரி ஆகிவிட்டது. "நல்லாப் பார்த்தியா? ஞாபகமா சொல்லு."

"ஞாபகம் இல்லாம என்னா? வாயைக் கையால பொத்திகினு போன்ல வலிப்பு, வலிப்புன்னு பேசுனாரு. வூட்டுல யாருக்கோ முடியலை போலன்னு நெனச்சேன். பாவம், பொண்ணுக்கு வேண்டிகினு வந்த நேரத்துல இப்டி ஒரு சேதியான்னு மனசு அடிச்சிகிச்சு."

"பொண்ணா?" என்றாள் விஷாகா.

"அவரு பொண்ணும்மா. என்கிட்டதான் மாலை வாங்கினாங்க. கழுத்துல மாலையோட ஜீப்புல குந்தினு இருந்துச்சு. கவருமெண்டு ஜீப்பு. நெம்பர் மேல 'அ'னா போட்டிருந்துச்சு."

சடையப்பன் கணக்குப் போட்டான். அலுவலகத்தில் ஜீப் எடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மார்கரெட், கல்யாணமே செய்துகொள்ளாதவர். ராகவனுக்கு ஜீப்பும் கிடையாது, இருப்பது ஒரே ஒரு பையன். மிச்சம் இருப்பது...

"சம்பத் சாரு," என்றாள் ஜெசிந்தா.

 அவளே தொடர்ந்தாள்.

"அதுக்கு அடுத்த நாள் காலையில என் சீட்டாண்ட வந்து லட்டு குடுத்தாரு. திருவிடந்தை பிரசாதம்மா, உன் பொண்ணுக்காகவும் வேண்டிகினேன்னாரு. எனக்கு அப்பக் கல்யாணம் நின்ன சேதியே வரலை. சர்ச்சுக்குப் போறவளாச்சேன்னு நான் நெனைக்கலை மேடம். பாசமா குடுக்கறாரேன்னு கை கழுவிகினு வந்து வாங்கித் தின்னேன்."

சடையப்பனுக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. வந்ததெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்.

"ஆனா ஏன்?" என்றான் கடைசியில். "உங்க மேல அவனுக்கு இன்னா காண்டு?"

"மாமல்லபுரத்துல ஓட்டல்ல நடக்காத டிரெய்னிங்குக்கு ஒரு பில்லு வந்துச்சு. நடக்கலை, பாஸ் பண்ண முடியாதுன்னு ஃபைல்ல எழுதினேன். திரும்ப அனுப்பினாரு, திரும்ப எழுதினேன். சிரிச்சிகினே போனாரு." அவள் நிறுத்தினாள். "கல்யாணம் நின்னு நான் லீவுல போனேனே, அந்த வாரம் பில்லு பாஸாயிடுச்சு."

"கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை வூட்டு நெம்பரையும் அச்சடிச்சு, நானே அவரு கையில குடுத்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விஷாகா அவளைத் தனியே காருக்குப் பின்னால் அழைத்துப் போனாள். சடையப்பனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "...சம்பத் பொண்ணு பேர்லயும் அதே மருத்துவச் செலவுத் தலைப்புல ஒரு பில் இருக்கு. என்ன நோய்ன்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்கக்கூடாது." ஜெசிந்தா ஏதோ பதில் சொன்னாள். நீளமான பதில். விஷாகா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

கிளம்பும்போது ஜெசிந்தா கோயில் வாசல் கடையில் இறங்கி ஒரே ஒரு லட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இந்த நேரத்தில் இவளுக்கு எப்படி இனிப்பு இறங்கும் என்று சடையப்பனுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலின் கூட்ட அறை. மென்பொருளைப் பார்த்து வாங்கிப்போக மற்ற மாவட்டத்து அதிகாரிகள் வந்து இறங்கியிருந்தார்கள். வடையும் காபியும் ஆனது. திரையில் மென்பொருளின் முதல் பக்கம் பளிச்சென்று விழுந்தது. மார்கரெட் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ராகவன் வழக்கம்போல் யார் மீதோ எரிந்துகொண்டிருந்தார். அம்மாவோடு வந்த பிரிசில்லா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சடையப்பன் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள், அதுவே பெரிய தப்பு.

"ஹலோ, மைக் டெஸ்டிங். எல்லாரும் வடையை வெச்சுட்டு இங்க பாருங்க."

விஷாகா எழுந்தாள். "என் சோதனை முடிவு ரெண்டு வரிதான். அதுக்கு முன்னாடி, இதுல தனிநபர் விவரம் எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டவரே வந்து காட்டினா நல்லா இருக்கும். சம்பத் சார்?"

சம்பத் சிரித்த முகத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனக் கீற்று. "எல்லாம் வெறும் தலைப்பும் தொகையும்தாங்க. யாரோட ரகசியமும் இதுல கெடையாது."

"ரொம்ப சந்தோஷம். ஜெசிந்தாம்மா, நீங்க தட்டுங்க."

கீபோர்டின் முன் ஜெசிந்தா உட்கார்ந்திருப்பதைச் சம்பத் அப்போதுதான் பார்த்தார். திரையில் மருத்துவச் செலவுத் தலைப்பு திறந்தது. தேடும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. முதலில் சம்பத்தின் பெயர். அதன் பக்கத்தில் 'மகள்'.

சம்பத்தின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"எதுவும் இல்லைன்னீங்களே சார்," என்றாள் ஜெசிந்தா. அவள் விரல் என்டர் பொத்தான் மேல் நின்றது. "அப்ப அமுக்கலாம் இல்லே?"

"ஜெசிந்தா... இது சரியில்லம்மா."

"ஏன் சார்? வெறும் தலைப்பும் தொகையும்தானே?"

 வெளியே கல் கொத்துகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சம்பத்தின் சந்தனக் கீற்றில் வியர்வை இறங்கியது.

"அமுக்காதே!" என்று கத்தினார். "அது தெரிஞ்சா என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவாது! அவ என்னம்மா பாவம் பண்ணா?"

"பிரிசில்லா இன்னா சார் பாவம் பண்ணா?"

"நான் தப்பு பண்ணிட்டேன். நான்தான் போன் பண்ணேன். அந்த பில்லுக்காகப் பண்ணிட்டேன். நானே அவங்க வூட்டுக்குப் போயி பொய்யின்னு சொல்றேன், உன் கால்ல வேணா வுழறேன். அதை மட்டும் அமுக்காதே!"

மாவட்டத்து அதிகாரிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அமுக்கினாள்.

சம்பத் கண்ணை மூடிக்கொண்டார். சடையப்பனே ஒரு கணம் மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'இந்த விவரத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

"காலையில எட்டு மணிக்கே பூட்டியாச்சு," என்றாள் விஷாகா. "யாரும் பார்க்க முடியாது, நான் உட்பட. ஜெசிந்தாம்மா நேத்து என்கிட்ட கேட்டது இதைத்தான். 'அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலை, மொதல்ல அதை மூடுங்க. அப்பறம் அந்த ஆளை என்கிட்ட வுடுங்க'ன்னாங்க. எதுவும் வெளியில வரலை, சார். நீங்களா சொன்னதுதான்."

அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று இந்தக் கதையிலும் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

"ஜீப் சாவியை மேசை மேல வெச்சிடுங்க, சம்பத்," என்றார் மார்கரெட். "மீதியை எழுத்துல பேசிக்கலாம்."

"அதுக்கு மின்னாடி ஒரு வேலை பாக்கி கீது," என்றான் சடையப்பன். விஷாகாவின் செல்போனில் அணுபுரத்து நம்பரைப் போட்டு, சம்பத்தின் வாயருகே பிடித்து, அதன் பக்கத்தில் மைக்கையும் பிடித்தான். "பேசு நைனா. அன்னிக்குப் பேர் சொல்லலியாமே? இன்னிக்குப் பேரு, பதவி எல்லாம் சேத்துச் சொல்லு."

சம்பத் சொன்னார். பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார், அன்று சொன்னது பச்சைப் பொய் என்றும் சொன்னார். அறை முழுக்க அவர் குரல் எதிரொலித்தது. 

"அடக் கடவுளே," என்றது ஒலிபெருக்கியில் ஜெபசிங்கின் குரல். "நாங்க அவசரப்பட்டுட்டோம். ஜெசிந்தாம்மா அங்க இருக்காங்களா? பையன் இன்னும் அந்தப் பொண்ணையேதான் நெனச்சிகினு கீறான். அவங்களுக்குச் சம்மதம்னா அதே மாசத்துல வெச்சுக்கலாம். நாங்களே வந்து கேக்கறோம்."

பிரிசில்லா கதவோரத்திலிருந்து நடந்து வந்து போனைக் கையில் வாங்கினாள்.

"அங்கிள், நான் பிரிசில்லா. யாருன்னே தெரியாத ஒருத்தன் சொன்னதைக் கேட்டீங்க. எங்கம்மாவைக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேக்கலை. எங்கம்மாவுக்கு இன்னா ஒடம்புன்னு உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இனிமே இல்லை. நான் மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே ஆறிக்கிடந்த வடையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ராகவன் எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஏசி ஒத்துக்கல," என்று பக்கத்தில் இருந்தவர் மேல் எரிந்து விழுந்தார். சடையப்பன் அவரைப் பார்த்து முதன்முறையாக ஒரு கும்பிடு போட்டான்.

சம்பத் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா பையைத் திறந்து, மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, லட்டை அவர் முன்னால் மேசை மேல் வைத்தாள்.

"திருவிடந்தை லட்டு சார்," என்றாள். "உங்க பொண்ணுக்காக நானும் வேண்டிகினேன். தின்னுங்க."

அவர் கை நீளவில்லை. ஜெசிந்தா போகவும் இல்லை. எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"தின்னுங்க சார். நான் பார்த்துகினு கீறேன்."